திருவள்ளூர் டாக்டரும் ஆல்ப்ஸ் பனியும்

நம்மவர்களுக்குக் குளிர் என்றால் ஒதுங்க வேண்டிய விஷயம். மார்கழி பிறந்ததும் காதை மறைத்து மப்ளரைக் கட்டிக்கொண்டு, "பனியில் நிற்காதே, ஜலதோஷம் பிடிக்கும்" என்று குழந்தைகளை உள்ளே விரட்டுகிறவர்கள் நாம். நம் ஊரில் பனி என்பது புல் நுனியில் முத்துப் போல நின்று, சூரியன் தலை காட்டியதும் மறைந்து போகிற பண்டம். ஆள் உயரத்துக்கு விழுந்து, வாசல் கதவை அடைத்து, மாதக் கணக்கில் அசையாமல் கிடக்கிற பனியையும் அதே சொல்லால்தான் சொல்லிக் கொள்கிறோம். அந்தப் பனியை நாடி, கைப்பணத்தைச் செலவழித்து ரயிலேறிப் போய், அதன் நடுவில் பதினைந்து நாள் தங்கி வருவதற்கு, "இந்தக் குளிர்காலத்துக்கு எந்த ஊர்? எந்த ஹோட்டல்?" என்று பல மாதங்களுக்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து விவாதிக்கிற ஐரோப்பியர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி எழும்.

சறுக்குக் கட்டையைக் காலில் கட்டிப் பார்த்தவன் அல்ல நான். எல்லாம் புத்தகங்களின் வழியாகச் செய்த சவாரிதான். ஆனால் அந்தச் சவாரியில் ஒரு திருப்பத்தில், கொஞ்சமும் எதிர்பாராமல், நம் திருவள்ளூர் ஸ்டேஷன் வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு முன் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆல்ப்ஸ் மலை, விருந்தாளிகளைப் பொறுத்தவரை, கோடைக்கு மட்டுமே உரியது. ஆங்கிலேயக் கனவான்கள் ஜூன், ஜூலையில் வருவார்கள். சிகரம் ஏறுவார்கள், படம் வரைவார்கள், செப்டம்பரில் மூட்டை கட்டிவிடுவார்கள். பிறகு ஹோட்டல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த கோடை வரையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்தக் குளிரில் ஓட்டுவதற்கு ஈயும் கிடையாது. கிராமத்துக் குடியானவன் மாடுகளுக்குச் சேர்த்து வைத்த வைக்கோல் வசந்தம் வரைக்கும் வருமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருப்பான். ஸ்விட்ஸர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கில் பிழைக்க வழியில்லாமல், தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் வெளியூர்களுக்குப் போய் மிட்டாய்க் கடை வைத்தார்கள். ஐரோப்பாவின் பல பெரிய நகரங்களில் கேக்கும் பலகாரமும் விற்றவர்கள் இந்த மலைவாசிகள்தான். பனி அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. ஊரை விட்டு விரட்டிய சனியன்.

அதே எங்கடீனில் செயின்ட் மாரிட்ஸ் என்ற ஊர். 1864-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அங்கே ஹோட்டல் நடத்திய ஜோஹான்னஸ் பாட்ருட், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சில ஆங்கிலேயர்களிடம் ஒரு பந்தயம் கட்டினார் என்று கதை சொல்கிறார்கள். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் பிரயாணச் செலவு என்னுடையது. பிடித்துவிட்டால் எத்தனை நாள் வேண்டுமானாலும் என் விருந்தாளிகளாக இருங்கள்" என்றாராம். கம்பளிக்குள் கம்பளி போர்த்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள், மலை மேல் அடித்த வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போனார்களாம். ஈஸ்டர் வரையில் தங்கி, முகம் கறுத்து லண்டன் திரும்பினார்களாம். ஹோட்டல்காரர்கள் வாழையடி வாழையாகச் சொல்லி வளர்த்த கதை இது. எழுத்தாளன் என்ற முறையில், கதையைக் கட்டியவரின் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஹோட்டல் விளம்பரத்தில் சூரியனைப் பாத்திரமாக நுழைத்துவிட்டாரே!

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் டாவோஸுக்கு வந்தவர்களின் கதை வேறு மாதிரி. அலெக்ஸாண்டர் ஸ்பெங்லர் என்ற டாக்டர் ஜெர்மானியப் புரட்சி தோற்றபின் ஸ்விட்ஸர்லாந்துக்கு ஓடி வந்தவர். 1853 முதல் டாவோஸில் வைத்தியம் பார்த்த அவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு க்ஷயரோகம் வருவதில்லை என்று கண்டார். 1865 பிப்ரவரியில் நோயாளிகள் இருவர் நடுக் குளிரில் சறுக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். அப்புறம் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலிகளில் வரிசையாகப் படுத்து, வெயிலையும் குளிர்ந்த காற்றையும் மருந்தாக உண்டார்கள். "புதையல் தீவு" கதையை ஸ்டீவன்ஸன் எழுதி முடித்தது அங்கே நோயாளியாகத் தங்கியிருந்த குளிர்காலத்தில்தான். ஆக, குளிர்காலத்து ஆல்ப்ஸுக்கு முதலில் கூட்டமாக வந்தவர்கள் விளையாட வந்தவர்கள் அல்ல, உயிர் பிழைக்க வந்தவர்கள்.

அப்படி வந்த ஒரு நோயாளியின் கணவர்தான் ஆர்தர் கானன் டாயில். 1893-இல் மனைவியை அழைத்துக்கொண்டு டாவோஸ் வந்தார். அந்த டிசம்பரில்தான் லண்டன் "ஸ்ட்ராண்ட்" பத்திரிகையில் ஷெர்லாக் ஹோம்ஸை ஸ்விட்ஸர்லாந்து நீர்வீழ்ச்சி ஒன்றில் தள்ளிக் கொன்று தீர்த்திருந்தார். துப்பறிபவரைத் தொலைத்துவிட்ட நிம்மதியில் இருந்தவருக்கு உள்ளூர் பிராங்கர் சகோதரர்களின் சிநேகம் கிடைத்தது. அவர்கள் நார்வேயிலிருந்து சறுக்குக் கட்டைகளை வரவழைத்து, ஊரார் சிரிப்பார்களே என்று பயந்து, இருட்டிய பிறகு பழகினவர்கள். 1894 மார்ச்சில் மூவரும் மலைக் கணவாய் ஒன்றைக் கடந்து அரோஸா என்ற ஊரில் இறங்கினார்கள். ஒரு செங்குத்தான சரிவில் டாயில் உட்கார்ந்தபடியே இறங்க வேண்டி வந்தது. அவர் தையற்காரர், அந்த முரட்டுக் கம்பளித் துணி கிழியவே கிழியாது என்று உறுதி கூறியிருந்தாராம். கால்சட்டையின் பின்பக்கம் வேறு விதமாகச் சாட்சி சொல்லிற்று. அரோஸா ஹோட்டல் பதிவேட்டில் டாயிலின் தொழில் என்ற இடத்தில் பிராங்கர்களில் ஒருவர், எழுத்துப் பிழையோடு, "விளையாட்டு வீரர்" என்று எழுதி வைத்தார். அடுத்த டிசம்பரில் டாயில் இதையெல்லாம் அதே "ஸ்ட்ராண்ட்" பத்திரிகையில் எழுதினார். இனி நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் இதற்கென்றே ஸ்விட்ஸர்லாந்து வரும் காலம் வரும் என்றும் எழுதினார்.

வந்தது. ஆனால் அவர்களை வரச் செய்தவர் நாவலாசிரியர் அல்ல. இங்கேதான் திருவள்ளூர் வருகிறது.

லிங்கன்ஷயரில் ஒரு சிற்றூர் வியாபாரியின் மகன் ஹென்றி லன். மெதடிஸ்ட் சபையில் ஊழியம் ஏற்று, வைத்தியமும் படித்து, 1887-இல் மிஷன் டாக்டராக நம் ஊருக்கு வந்தார். திருவள்ளூரில் வேலை. 1888 ஏப்ரலில், சித்திரை வெயிலில், சென்னையில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆர்னால்ட் என்று பெயரிட்டார்கள். தகப்பனாருக்கு நம் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு கெட்டு, ஓராண்டு போல் இருந்துவிட்டுக் கைக்குழந்தையோடு சீமைக்குத் திரும்பினார்.

திரும்பினவர் சும்மா இருக்கவில்லை. 1889-இல் சபைப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரைகளின் மூலம் பெரிய கலகத்தைக் கிளப்பிவிட்டார். இந்தியாவில் பாதிரிமார்கள் பங்களாவும் வேலைக்காரர்களுமாக, சர்க்கார் துரைகளைப் போல வாழ்கிறார்கள்; இந்தச் சௌகரியமே அவர்களுக்கும் ஏழை ஜனங்களுக்கும் நடுவில் சுவராக நிற்கிறது என்பது குற்றச்சாட்டு. சபை விசாரணைக் கமிட்டி போட்டது. பாதிரிமார்கள் மீது குற்றம் இல்லை என்று கமிட்டி தீர்ப்புச் சொல்லிற்று. லன் சில வருஷங்களில் ஊழியத்தை விட்டு விலகினார்.

லன் சொன்னதில் எத்தனை நியாயம், கமிட்டி சொன்னதில் எத்தனை நியாயம் என்று இன்று நான் பஞ்சாயத்துப் பண்ணப் போவதில்லை. திருவள்ளூரின் புழுக்கத்தில் அவர் கண்ணுக்குப் பட்ட அந்தச் சுவரை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்தவ சபைகளுக்குள் இருக்கும் பிளவுகளை நீக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அதற்காக 1892 முதல் கிரிண்டல்வால்ட் என்ற ஸ்விஸ் மலையூரில் பல சபைப் பாதிரியார்களைக் கூட்டி மகாநாடுகள் நடத்தினார். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் ரயில் டிக்கெட், ஹோட்டல் அறை, சாப்பாடு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி அமர்த்துகிற வித்தை அவருக்குப் படிந்துவிட்டது. பாதிரியார்களை அழைத்துப் போனவர் உபாத்தியாயர்களை அழைத்துப் போனார். பிறகு யாரை வேண்டுமானாலும் அழைத்துப் போனார். பிரயாண ஏஜெண்டாகிவிட்டார்.

குளிர்காலத்துக்கு ஆள் பிடிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்குப் பணமும் மூன்று வார ஓய்வும் உள்ளவர்கள் வர வேண்டும். அப்படிப்பட்ட கனவான்களோ, ஏஜெண்ட் அழைத்துப் போகிற கும்பலோடு போவதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். லன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் வருஷங்களில் "பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப்" என்று ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார். பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். பொதுஜனங்கள் உள்ளே கால் வைக்க முடியாத பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. ஈட்டன், ஹாரோ போன்ற அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள், பழைய சர்வகலாசாலைக்காரர்கள், ராணுவ அதிகாரிகள் இப்படிப்பட்டவர்களுக்கே சங்கத்தில் இடம். சங்கம் ஆடல்போடன், மான்டானா, மியூரன் என்று ஊர் ஊராக முழு ஹோட்டல்களைப் பனிக்காலத்துக்கு அமர்த்திக்கொண்டது. உறுப்பினர் அல்லாதவர் கதவைத் தட்டினால், அறை காலியாக இருந்தாலும், இடமில்லை.

அவரே அந்தப் பள்ளிகளில் படித்தவர் அல்ல என்பது வேடிக்கை. மகனை மட்டும் ஹாரோவுக்கு அனுப்பினார். சௌகரியம் மனிதர்களைப் பிரிக்கிறது என்று சபையை எதிர்த்துச் சண்டை போட்ட மனிதர், பிரித்து வைப்பதையே சௌகரியமாக விற்றுப் பணம் சம்பாதித்தார். அவரை வஞ்சகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவர் எங்கே இருக்கிறது, எத்தனை உயரம் என்று முதலில் கண்டறிந்தவருக்குத்தானே அதை விலை பேசவும் தெரியும்?

ஆகவே அந்தக் காலத்தில் "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு இரண்டு விதமான பதில் இருந்தது. வெளிப்படையாகப் பேசியது மலையைப் பற்றி. மேலே ஏற்றிவிடும் கம்பி வண்டிகள் அப்போது கிடையாது. சறுக்குக் கட்டையின் அடியில் ஸீல் தோலைக் கட்டிக்கொண்டு, வழுக்காமல், மூன்று நான்கு மணி நேரம் ஏறினால்தான் அரைமணி நேரம் இறங்கலாம். தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நன்றாக அடிக்கும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க உகந்தது. ஆனால் பனி இளகி, இரவில் மறுபடி உறைந்து, கண்ணாடி போல் ஆகிவிடும். வடக்குச் சரிவில் பனி மாவு மாதிரி அப்படியே கிடக்கும். ஆனால் ஹோட்டலில் உட்கார்ந்தால் விறைத்துப் போகும். ஊர் தாழ்வாக இருந்தால் பனிக்கு உத்தரவாதம் இல்லை. உயரமாக இருந்தால் ரயில் போகாது. இப்படி இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் லன் மியூரனைப் பிடித்தார். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு மேலே, செங்குத்துப் பாறையின் விளிம்பில், சுமார் 1,640 மீட்டர் உயரத்தில் ஓர் அலமாரித் தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் கிராமம் அது. எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கும். கோடையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மலை ரயிலைக் குளிர்காலத்திலும் ஓட்டும்படி கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். 1910-11 பனிக்காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தில் பனி தள்ளும் வேலையும், பெட்டி தூக்கும் வேலையும், சமையலறை வேலையும் கிராமத்தாருக்குக் கிடைத்தன. ஊரை விட்டு விரட்டிய பனி முதன்முறையாகச் சோறு போட்டது. லன் செய்ததில் இது நிஜமான புண்ணியம்.

வாய்விட்டுப் பேசாமல் பார்த்தது இன்னொன்று. பக்கத்து மேஜையில் சாப்பிடப் போகிறவர் யார் என்பது. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கறுப்புக் கோட்டு அணிந்து இறங்கி வருவார்களா, நம் பெண் யாரோடு நடனமாடுவாள், காலையில் யாரோடு மலையேறுவாள்? பனி எந்த மலையிலும் விழும். இந்த உத்தரவாதத்தைத்தான் சங்கம் விற்றது.

சங்கத்தின் உப தலைவர்களில் ஒருவர் ராபர்ட்ஸ் பிரபு. இவரும் நமக்குத் தெரிந்த ஆசாமிதான். 1880-இல் காபூலிலிருந்து காந்தஹாருக்குச் சுமார் 300 மைல் படை நடத்திப் போய் ஜெயித்தவர். அடுத்த ஆண்டு முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் பிரதம தளபதி. பிரபுப் பட்டம் வந்தபோது பெயரோடு காந்தஹாரையும் சேர்த்துக்கொண்டார். அவர் பெயரால் கொடுத்த கோப்பைக்காக 1911 ஜனவரியில் மான்டானாவில் ஒரு பந்தயம் நடந்தது. பத்துப் பேர் முதல் நாளே மலைக் குடிசைக்கு ஏறிப் படுத்திருந்து, விடிந்ததும் பனியாற்றைக் கடந்து ஊருக்கு இறங்கினார்கள். வென்றவருக்கு 61 நிமிஷம் பிடித்தது. இறங்கும் வேகத்துக்கென்றே நடத்திய முதல் பந்தயங்களில் ஒன்று அது. இன்று ஆல்ப்ஸ் மலையில் சறுக்குப் பாதைக்கும் பந்தயத்துக்கும் காந்தஹார் என்று பெயர் இருப்பதைக் கண்டு திகைக்கிறவர்களுக்கு மூலகாரணம் இதுதான்.

சென்னையில் பிறந்த அந்தக் குழந்தை இதற்குள் வாலிபனாகியிருந்தது. ஆர்னால்ட் லன்னுக்கு மலை என்றால் பித்து. 1909-இல் வேல்ஸில் பாறை ஏறும்போது விழுந்து வலது கால் நொறுங்கிவிட்டது. காலைக் காப்பாற்றினார்கள், அது குட்டையாகிப் போனது. அந்தக் காலோடுதான் ஆயுள் முழுதும் சறுக்கினார். சறுக்கு என்றால் சமவெளியில் ஓடுவதும் மேட்டிலிருந்து தாவுவதும்தான், மற்றதெல்லாம் குழந்தை விளையாட்டு என்பது நார்வேக்காரர்களின் சித்தாந்தம். லன் 1922 ஜனவரியில் மியூரனில் கொடிகளை ஜோடி ஜோடியாக நட்டு, அவற்றினூடே வளைந்து வளைந்து யார் சீக்கிரம் இறங்குகிறாரோ அவரே ஜெயித்தவர் என்று ஒரு போட்டி வைத்தார். அழகுக்கு மார்க் கிடையாது. கடிகாரம் சொல்வதுதான் தீர்ப்பு. இன்று ஒலிம்பிக்கில் நடக்கும் ஸ்லாலம் அதுதான். 1924-இல் மியூரனில் காந்தஹார் ஸ்கீ கிளப் தோன்றிற்று. 1931-இல் முதல் உலகப் போட்டி அதே கிராமத்தில் நடந்தது.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன. 1934 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் டாவோஸில், சறுக்குகிறவரைக் கம்பியில் மாட்டி மேலே இழுத்துப் போகும் சாதனம் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஹாரிமன், தம் ரயிலுக்குப் பனிக்காலத்திலும் பிரயாணிகள் வேண்டும் என்று ஓர் ஆஸ்திரியப் பிரபுவை அழைத்து, மேற்குப் பக்கத்து மலைகளையெல்லாம் சுற்றிப் பார்க்கச் சொன்னார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி பிரபு ஒவ்வொரு மலையாகத் தட்டிக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் ஐடஹோ மாகாணத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தார். 1936-இல் ஸன்வாலி திறந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி மலையேறும் வண்டியை முதலில் அமைத்தது அங்கேதான். அதற்கு யோசனை சொன்ன இஞ்சினீயர், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் சாதனத்தில் வேலை செய்தவராம். தாருக்குப் பதில் ஆளை உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

ஆனால் எங்கே போவது, யாரை விடுவது என்ற கேள்விக்கு அந்தப் பத்து வருஷங்களில் வேறொரு முகம் வந்துவிட்டது. கனவான்கள் சங்கத்தின் "இடமில்லை"யை விடப் பன்மடங்கு கொடிய ஒன்று பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. காந்தஹார் கிளப் தோன்றிய அதே 1924-இல், ஜெர்மானிய-ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கம், யூதர்கள் பெரும்பான்மையாக இருந்த வியன்னாக் கிளையை வெளியேற்றியது. மலைக் குடிசைகளில் யூதர்கள் வர வேண்டாம் என்று பலகை தொங்கிற்று. பனிப்புயலில் ஒதுங்குவதற்குக் கட்டிய குடிசைகள் அவை.

ஆஸ்திரியாவில் ஆர்ல்பெர்க் கணவாயின் அடியில் செயின்ட் ஆன்டன் என்ற ஊர். அங்கே ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர், பாலாடைக்கட்டி செய்பவரின் மகன், சறுக்கப் பழக்கும் பள்ளி நடத்திவந்தார். குந்தினாற்போல் வளைந்து வேகமாக இறங்கும் அவருடைய முறையைக் கற்கக் கனவானும் கடைக்காரரும் ஒரே வரிசையில் நின்று விழுந்து எழுந்தார்கள். உடம்பு தேற 1905-இல் அந்த ஊருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ருடால்ஃப் கோம்பெர்ட்ஸ் என்ற இஞ்சினீயர், ஊரின் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பினார். யூத வம்சத்தவர். இவர்களும் ஆர்னால்ட் லன்னும் சேர்ந்து 1928-இல் ஆர்ல்பெர்க்-காந்தஹார் என்ற பந்தயத்தை ஆரம்பித்தார்கள்.

1938 மார்ச் 12-ஆம் தேதி ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்த மாதம் செயின்ட் ஆன்டனில் பந்தயம் நடக்க வேண்டியிருந்தது. நாஜிகளுக்கு வளைந்து கொடுக்காத ஷ்னைடரைக் கைது செய்தார்கள். பந்தயத்தை மட்டும் நடத்தலாமே, பனியில் என்ன அரசியல் என்று சொன்னவர்கள் உண்டு. லன் பந்தயத்தை ரத்துச் செய்துவிட்டார். சங்கமும் சாப்பாட்டுக் கோட்டுமாக வளர்ந்த குடும்பத்தின் பிள்ளை, ஓர் ஊருக்குப் போகக் கூடாது என்று தீர்மானம் செய்தது இப்படி. தகப்பனார் திருவள்ளூரிலிருந்து கொண்டுபோன கோபத்தில் ஒரு பங்கு மகனிடம் மிச்சமிருந்தது என்று நினைக்க எனக்கு ஆசை. சரித்திரக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள்.

கோம்பெர்ட்ஸை ஊரை விட்டு வியன்னாவுக்குத் துரத்தினார்கள். 1942-இல் அங்கிருந்து கிழக்கே கொண்டுபோய்க் கொன்றார்கள். எத்தனையோ ஆயிரம் பேரைச் செயின்ட் ஆன்டனுக்கு வாருங்கள் என்று அழைத்த மனிதருக்கு அங்கே ஓர் அறை கிடைக்கவில்லை.

ஷ்னைடரைச் சிறையிலிருந்து விட்டார்கள். ஊருக்குத் திரும்ப விடவில்லை. அமெரிக்க பாங்கர் ஒருவர் பேச்சு வார்த்தை நடத்தி அவரையும் குடும்பத்தையும் மீட்டு, நியூ ஹாம்ப்ஷயரில் நார்த் கான்வே என்ற தம் சொந்த ஊருக்கு அழைத்துக்கொண்டார். 1939 பிப்ரவரியில் ரயில் வந்து நின்றபோது, ஊர்க் குழந்தைகள் சறுக்குக் கோல்களை உயர்த்தி வளைவு பிடித்து நின்றார்கள். அதன் கீழே நடந்து போனார். அந்த ஊரின் குன்றுகள் ஆர்ல்பெர்க் மலைக்கு முன் ஒரு கைப்பிடி. சரிவைப் பார்த்துவிட்டு மகனிடம், இது செயின்ட் ஆன்டன் இல்லைதான், ஆனாலும் நமக்கு இந்த இடம் பிடித்துப்போகும் என்று சொன்னாராம். 1955-இல் காலமாகும் வரையில் அங்கேதான் இருந்தார்.